துணிக்குப் பின்னால் பார்த்த கல்யாணம்

எங்கள் சபையில் கல்யாணம் என்றால், அதற்கு முந்திய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம் என்று போதகர் படிப்பார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரும் எழுந்து எதையும் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் பெண்ணைப் பெற்றவளுக்கு அது எப்படிப்பட்ட நேரம் என்பது என் மகளுக்கு ஓலை வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் ஒரு குறையும் இல்லாமல் கழிந்தன. மூன்றாவது ஓலைக்கு முன்னால் பாளையங்கோட்டைக்கு பயாஸ்கோப் வந்துவிட்டது.

ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்குக் கொஞ்ச காலம் முந்தி நடந்தது இது. என் மகள் அப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு உபாத்தியாயினி. அந்த வேலையை நானும் கல்யாணத்துக்கு முன் பார்த்திருக்கிறேன். நான் பாடம் மட்டும் சொல்லிக்கொடுத்தேன், அவள் பாடத்துக்குப் பாட்டே கட்டினாள். பனம்பழத்தைத் தூக்கிக்கொண்டு போன காக்கைக்கு ஒரு பாட்டு, ஆற்று மணலில் சிக்கிக்கொண்ட வண்டிக்கு ஒரு பாட்டு. பிள்ளைகள் அவற்றைத் தெருவெல்லாம் பாடிக்கொண்டு போகும். மாப்பிள்ளை, பையன்கள் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலியில் வீடு. தகப்பனார் இல்லை. தாயார் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம்.

நிச்சயம் பேச வந்த அன்றே அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னார்கள்.

"பாட்டுக் கட்டுத பிள்ளைன்னு கேள்விப்பட்டேன் மைனி. எங்க வீட்டுல ஒருத்தன் ஏற்கனவே சோத்த மறந்துட்டுக் கோடு இழுத்துக்கிட்டு இருக்கான். இன்னொருத்தியும் வந்து ராகம் இழுத்துக்கிட்டு இருந்தா, உலைய யாரு வைப்பா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தோன்றவில்லை. அன்று மாலையே மகளிடம், மூன்று ஓலையும் வாசித்து முடியும்வரை பாட்டு என்ற பேச்சே வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொன்னேன். அவள், "பேசக் கூடாதா, பாடக் கூடாதா?" என்று கேட்டாள். இரண்டும் கூடாது என்றேன்.

பயாஸ்கோப்காரர்கள் கோட்டைக்குக் கிழக்கே இருந்த பொட்டலில் கூடாரம் அடித்தார்கள். ஆண்டவருடைய சரித்திரத்தைப் பிறப்பு முதல் பரமேறுதல் வரை அசையும் படமாகக் காட்டப் போவதாக விளம்பரம் செய்தார்கள். நாடகம், கூத்து எதற்கும் போகாத எங்கள் ஜனங்களுக்கு இது ஒரு சங்கடமாகிவிட்டது. போனால் கூத்துப் பார்த்ததாகும். போகாவிட்டால் ஆண்டவரைப் பார்க்காததாகும். கடைசியில் சபை மூப்பர் ஒருவர் தாமே போய்ப் பேசி, எங்கள் சபைக்கென்று தனியாக ஒரு காட்சி ஏற்பாடு செய்தார். முதலில் ஜெபம் செய்ய வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும், ஆண்களும் பெண்களும் கோவிலில் உட்காருவதுபோலத் தனித்தனியாக உட்கார வேண்டும் என்று அவர் நிபந்தனை வைத்தார்.

கூடாரம் குறுகலானது. நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமாகப் பிரிக்க இடம் இல்லை. மூப்பர் விடவில்லை. கடைசியில் கூடாரத்துக்காரரே ஒரு வழி சொன்னார். படம் விழுகிற துணியைத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டால் பின்பக்கமும் தெரியுமாம். ஆண்கள் துணிக்கு முன்னால், பெண்கள் துணிக்குப் பின்னால். மூப்பருக்கு இது ரொம்பவும் பிடித்துப் போயிற்று. கோவிலில்கூட இவ்வளவு நன்றாகப் பிரிக்க முடியாது என்று சொன்னாராம்.

சம்பந்தி அம்மாள், தாமும் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளையும் வருகிறார், ஆனால் அவர் துணிக்கு முன்னால் இருப்பார் என்பதால் பெண்ணை அழைத்துக்கொண்டு வருவதில் தவறில்லை என்றார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ப் பாய் விரித்து உட்கார்ந்தோம். எனக்கு ஒரு பக்கம் மகள், மறுபக்கம் சம்பந்தி. மகளுக்கு அந்தப் பக்கம் மூப்பர் வீட்டம்மாள். எங்களுக்குப் பின்னால், கூடாரத்துக்கு வெளியே, படத்துக்கு வெளிச்சம் கொடுக்கிற எண்ணெய் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அது போட்ட சத்தத்தில் முன்பக்கம் செய்த ஜெபம் எங்கள் காதில் விழவில்லை. தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் வந்ததும் ஜெபம் முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டோம்.

முன்பக்கம் கதை சொல்லுவதற்கென்று ஒருவர் பிரம்போடு நின்றார். நாடகத்தில் இருந்தவர் என்று சொன்னார்கள். பெரிய தொண்டைதான். ஆனாலும் இஞ்சினைத் தாண்டி எங்களுக்கு இடையிடையே ஒரு சொல்தான் வந்தது. சரித்திரம் எல்லோருக்கும் தெரிந்ததாகையால் அது ஒரு குறையாக இல்லை. வேறொன்றுதான் குறையாக இருந்தது.

"என்ன மைனி இது," என்று மூப்பர் வீட்டம்மாள் கேட்டார்கள். "ஆண்டவரு இடது கையால ஆசீர்வதிக்காரு?"

"நாமதான் பின்னால இருக்கோம்லா," என்றேன். "முன்னால உள்ளவுகளுக்கு அது வலது கைதான்."

"ஆம்பளையளுக்கு வலது, நமக்கு இடதாக்கும்," என்றார்கள் சம்பந்தி. "அது என்னைக்கும் உள்ளதுதான்."

சரித்திரம் முடிந்தது. ஆண்டவர் மேகத்துக்குள் மறைந்ததும் நாங்கள் எல்லோரும் முழங்காலில் நின்றோம். ஆசீர்வாதம் சொல்லி அனுப்புவார்கள் என்று காத்திருந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் துணியில் மறுபடியும் வெளிச்சம். அங்கே ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்தது.

விட்டுப்போன பாகத்தைக் கடைசியில் காட்டுகிறார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். "கானாவூர்க் கல்யாணம்," என்று மூப்பர் வீட்டம்மாள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வெள்ளைக்காரர்களாக இருந்தார்கள். ஆண்டவரையே அவர்கள் அப்படித்தான் காட்டியிருந்தார்கள் என்பதால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கல்யாணத்தில் ஆண்டவர் திராட்சரசமாக மாற்றிய தண்ணீர்ச் சாடிகள் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சாடி வந்தது. மாப்பிள்ளை அதில் தூரிகையை முக்கிக் கலக்கி, மறதியில் அந்தத் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, நீலமான நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்த்தார். துணியில் கறுப்பும் வெளுப்பும்தான். இருந்தாலும் அது நீலம் என்று எனக்கு இன்றைக்கும் நினைவு.

அதற்குப் பிறகுதான் இது வேறு கதை என்று தெரிந்தது. அப்போது எழுந்து போவதென்றால் துணிக்கு முன்னால், ஆண்கள் நடுவேதான் போக வேண்டும். ஒருவரும் எழவில்லை.

துணியில் இங்கிலீஷ் எழுத்து வந்தது. எங்களுக்கு அது தலைகீழாக அல்ல, இடவலம் மாறித் தெரிந்தது. நான் இங்கிலீஷ் படித்தவள்தான். ஆனால் ஒரு சொல்லைக் கூட்டிப் படிப்பதற்குள் அது போய்விட்டது.

"ஏட்டி, நீதான் டீச்சரம்மாவாச்சே," என்று மூப்பர் வீட்டம்மாள் என் மகளின் முழங்கையை இடித்தார்கள். "என்ன எழுதியிருக்கு, வாசி."

அவள் வாசித்தாள். தடங்கல் இல்லாமல் வாசித்து அப்படியே தமிழில் சொன்னாள். எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு, "முதல் வகுப்புப் பிள்ளைய சிலேட்டுல பாதி நாளு இப்படித்தானே எழுதுது," என்றாள். அது உண்மைதான். எனக்கும் ஒரு காலத்தில் அந்தப் பழக்கம் இருந்தது. விட்டுப் போய்விட்டது.

கதை இதுதான். மாப்பிள்ளை படம் வரைகிறவர். பெண் பிடில் வாசிக்கிறவள். சொந்தமாகவே மெட்டுப் போடுகிறவள். இதை என் மகள் சொன்னதும் பக்கத்தில் சம்பந்தியைப் பார்த்தேன். அவர்கள் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்கு வரைவதற்கு அமைதி வேண்டும். அவளுக்கு மெட்டு வந்தால் வாசித்துத் தீர வேண்டும். தலையில் பழத்தட்டை வைத்து அவளை அசையாமல் நிற்கச் சொல்லுகிறார், படம் எழுதுவதற்கு. அவளுக்கு அப்போதுதான் மெட்டு வருகிறது. கை சும்மா இருந்தாலும் தோள் தாளம் போடுகிறது. பழம் ஒவ்வொன்றாக விழுகிறது. கோபத்தில் வீட்டின் நடுவே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழிக்கிறார்கள், அந்தப் பக்கம் அவருக்கு, இந்தப் பக்கம் அவளுக்கு. கோடு போய் அடுப்பின் நடுவில் முடிகிறது. பாதி அடுப்பை யார் பற்றவைப்பது?

முதலில் மூப்பர் வீட்டம்மாளுக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னவள், பின்னால் இருந்தவர்கள் "கேக்கல, கேக்கல" என்று சொல்லச் சொல்லக் குரலை உயர்த்தினாள். வெறும் எழுத்தைச் சொல்லுவதோடு நிற்கவில்லை. அவருக்கு ஒரு குரல், அவளுக்கு ஒரு குரல். "அடுப்பு உம்ம பக்கமா எம் பக்கமா, அதச் சொல்லும் முதல்ல!" பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு முந்தானை இல்லாமலே சிரித்தார்கள். சம்பந்தி சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை.

முன்பக்கத்தில் நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். கதை சொல்லுகிறவர் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு விருத்தம் பாடிவிட்டுத்தான் பொருள் சொன்னாராம். அவர் பொருளுக்கு வருவதற்குள் துணிக்குப் பின்னால் பெண்கள் சிரித்துவிடுவார்களாம். என்னத்தையோ விட்டுவிட்டோம் என்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் வேறு, "ஏலே டிராயிங் வாத்தியாரே, உங் கதைதாம்லே ஓடுது," என்று கத்தினார்களாம். போகப் போக ஆண்கள் கதை சொல்லுகிறவரைக் கையமர்த்திவிட்டுப் பின்பக்கத்துச் சத்தத்துக்குக் காது கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவருக்குப் பொறுக்கவில்லை. பிரம்பால் துணிக் கம்பத்தைத் தட்டினார்.

"யாரம்மா அங்கே கதை சொல்லுகிறது? நான் ஒருத்தன் இங்கே தொண்டை வறளக் கத்துகிறேன், என் பிழைப்பில் மண்ணைப் போடவா வந்தீர்கள்?"

அதைத் தொடர்ந்து மூப்பரின் குரல்: "பெண்கள் பக்கம் அமைதி!"

நான் மகளின் தொடையைக் கிள்ளினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

படம் முடிகிற தறுவாயில் இருந்தது. அது மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதம். துணி காய்ந்துகொண்டு வந்தது. நடுநடுவே ஒரு ஆள் வாளித் தண்ணீரை விசிறிக்கொண்டிருந்தவன், கதை சொல்லுகிறவர் கோபித்ததிலிருந்து வரவில்லை. எங்கள் பக்கம் படம் மங்கியது. படத்திலிருந்த பெண் பிடிலைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை அவரிடம் கொடுத்தது தெரிந்தது. எழுத்து வந்தது. மூப்பர் வீட்டம்மாள், "என்னட்டி போட்டிருக்கு?" என்று மறுபடியும் இடித்தார்கள். மகள் பேசவில்லை. துணியில் அவர் எதையோ தூக்கிச் சன்னல் வழியாக எறிந்தார். என் கண்ணுக்கு என்னவென்று தெரியவில்லை. "பத்தினி தன் கடமையை உணர்ந்து வாத்தியத்தைத் துறந்தாள்" என்று முன்பக்கத்திலிருந்து ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஆண்கள் கைதட்டினார்கள். விளக்கு அணைந்தது.

சம்பந்தி பாயைச் சுருட்டினார்கள். "வாரேன் மைனி" என்றார்கள். அவ்வளவுதான். வழக்கமாக அந்தச் சொல்லுக்குப் பிறகு கால்மணி நேரம் பேசுகிறவர்கள் அவர்கள். வண்டி பாலத்துப் பக்கம் திரும்புகிறவரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மறுநாள் சாயங்காலம் வரும்போதே முகம் சரியில்லை.

"ஏளா, ஆபீசுல எல்லாம் உம் மவ பேச்சுதான்."

"என்ன பேசுதாவ?"

"நல்லாத்தான் பேசுதாவ. அதான் பயமா இருக்கு. மாப்பிள்ளை படம் முடியுமுன்னே எந்திச்சு வெளிய போயிட்டாராம்."

"எப்பம்?"

"அவ பேசிக்கிட்டு இருக்கையிலேயே."

மாப்பிள்ளை எழுந்து போனதை எத்தனை விதமாக நினைக்கலாமோ அத்தனை விதமாகவும் நினைத்தேன். ஒரு விதம்கூட நல்லதாக வரவில்லை. மகளிடம் சொன்னேன். அவள், "சிநேகிதமாரு கேலி பண்ணியிருப்பாவ," என்றாள். அன்று ராத்திரி பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவிவிட்டாள். அவளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது என்பதை நான் அதில்தான் அறிந்தேன். அதற்கு முன் நான் அதைக் கேட்டதில்லை.

இதற்குள் சபையில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. ஆண்டவருடைய சரித்திரம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய் வெள்ளைக்காரன் குடும்பச் சண்டையைக் காட்டிவிட்டார் என்று ஜனங்கள் மூப்பரைக் கேட்கத் தொடங்கினார்கள். படத்தில் ஒன்றும் தப்பில்லை, அதைப் பின்னாலிருந்து சொன்ன விதம்தான் தப்பாகப் போயிற்று என்று அவர் பதில் சொன்னார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டம்மாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

"எனக்கு உங்க பிள்ள மேல ஒண்ணும் இல்ல மைனி. ஆனா மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்லா. கட்டிக்கிடப் போறவன் படம் வரையுதவன். அவன் முன்னால வச்சே படம் வரையுதவனக் கேலி பண்ணுதா. இவ நாளைக்கி அடங்கி இருப்பாளா?"

"நீங்கதானே வாசின்னு சொன்னிய?"

"வாசின்னு சொன்னேன். அனுபவிச்சு வாசின்னா சொன்னேன்?"

அவர்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள்.

"தடை அறிஞ்சவுக சொல்லலாம்னு ஐயா கேக்காருல்லா. கேக்கது எதுக்கு? சொல்லத்தானே? எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருந்தா அவரு கேட்டு என்ன பிரயோசனம்? ஞாயித்துக்கெழமை பாக்கலாம்."

ஓலைக்குத் தடை சொல்லுவதென்றால் ஏற்கனவே கல்யாணமானவன், முறை தவறிய உறவு, அப்படி ஏதாவது இருக்க வேண்டும். பயாஸ்கோப் பார்த்துச் சிரித்ததெல்லாம் தடையாகாது. இது எனக்குத் தெரியும். ஆனால் கோவிலில் ஒருத்தி எழுந்து நின்றுவிட்டால், அவள் சொன்னது தடையா இல்லையா என்பதை யார் நினைவு வைத்திருப்பார்கள்? எழுந்து நின்றதைத்தான் நினைவு வைத்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதற்கு மேலும் பிடிவாதமாக இருப்பார்களா?

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. சம்பந்தி தனியாக இறங்கினார்கள். கையில் ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன் சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு வருவது நல்ல அடையாளம் அல்ல. செம்பில் தண்ணீர் கொடுத்தேன். கொடுத்த அவசரத்தில் பாதி அவர்கள் மடியில் சிந்தியது. அவர்கள் அதைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள்.

"நான் கல்யாண விசயமா வரல மைனி. கல்யாண விசயமாத்தான்னும் வச்சுக்கிடலாம். எம் மவன் சட்டையில கரி."

"கரியா?"

"தோளுலருந்து முழங்கை வரைக்கும். துவைக்கப் போடையில பாத்தேன். பயாஸ்கோப்புக்கு வெள்ளச் சட்டையில்லா போட்டுக்கிட்டுப் போனான். கரி எங்கனருந்துலே வந்துச்சுன்னு கேட்டா முழிக்கான். நானும் விடல. கடைசியில சொல்லுதான், இஞ்சின் பக்கம் போயி நின்னானாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னத்துக்குலே இஞ்சின்கிட்டப் போனன்னேன். முன்னாலருந்து சத்தம் சரியாக் கேக்கலன்னான்."

"கதை சொல்லுதவருக்கு நல்ல தொண்டையாச்சே," என்றேன்.

"அவரு சத்தம் இல்ல மைனி."

மகள் அடுக்களைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது எனக்குத் தெரியும். சம்பந்திக்கும் தெரிந்திருக்கும். அவர்கள் அந்தக் கதவைப் பார்த்துத்தான் மேலே பேசினார்கள்.

"இவன் சுத்திக்கிட்டுப் போயிச் சேரவும், அங்கன சத்தம் நிக்கவும் சரியா இருந்துச்சாம். முன்னாலயும் பாக்கல, பின்னாலயும் கேக்கல. ரெண்டுங்கெட்டானா நின்னு கரியப் பூசிக்கிட்டு வந்திருக்கான். முடிவு என்னன்னு என்கிட்ட கேக்கான். எனக்கு எப்படித் தெரியும்? துணிதான் காஞ்சு போச்சே. ஏட்டி, இங்கன வா."

மகள் வந்து நின்றாள்.

"சன்னல் வழியா என்னத்தையோ விட்டெறிஞ்சானே, அது என்ன? அவ பிடிலா?"

முன்பக்கத்தில் அந்த ஆள் சொன்னதையே சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் வாத்தியத்தைத் துறந்தாள், கடமையை உணர்ந்தாள். அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்தக் கூடாரமே அதற்குள் அம்பாசமுத்திரம் போயாயிற்று. கண்ணால் சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல அத்த. சட்டி."

"சட்டியா?"

"கரிஞ்சு போன சட்டி. அவ பெட்டியப் பூட்டிச் சாவியக் கொடுக்கையிலேயே அடுப்புல தீஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அதத் தூக்கி எறியுமுன்னே அவன் சொன்னதத்தான் எழுத்துல போட்டிருந்தாவ."

"என்ன சொன்னான்?"

"இன்னைக்கு ஓட்டல்ல போய்ச் சாப்பிடுவோம்னான்."

கல்யாணமாகிய பெண் ஓட்டலில் சாப்பிடுவது என்பது எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் பேச்சுக்குக்கூட வராத காரியம்.

"ரெண்டு பேருமா?"

"ஆமா அத்த. கையப் பிடிச்சுக்கிட்டுப் போனாவ."

"அப்பம் அந்தப் பெட்டி?"

"மேசை மேலதான் இருந்துச்சு. பூட்டியே."

"சாவி?"

"அவங்கிட்ட."

"தெறந்து கொடுத்தானா இல்லையா?"

"தெரியல அத்த. அதோட படம் முடிஞ்சுபோச்சு."

"கதைய முடிக்கத் தெரியாத பய எவனோ எடுத்திருக்கான்," என்றார்கள் சம்பந்தி. பிறகு, "நீ என்ன நெனைக்க? தெறந்திருப்பானா?" என்று கேட்டார்கள்.

மகள் யோசித்தாள். யோசிக்காமல் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

"சாப்பிட்டுட்டு வந்து தெறந்திருப்பான் அத்த. பசியோட இருக்கையில யாருக்கும் யாரு பாட்டும் பிடிக்காது. யாரு படமும் பிடிக்காது."

சம்பந்தியின் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. நல்லது கெட்டது இரண்டுக்கும் அவர்களுக்கு ஒரே முகம்தான். எழுந்தார்கள். படியிறங்கிப் போனவர்கள் திரும்பி என்னிடம் கேட்டார்கள்:

"மூப்பர் வீட்டம்மா இங்கன வந்தாவளா?"

மறைத்துப் பயனில்லை. வந்ததையும் சொன்னதையும் சொன்னேன்.

"ஓகோ," என்றார்கள். "வாரேன் மைனி."

அதற்கு என்ன பொருள் என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசிப் பார்த்தோம். மாப்பிள்ளைக்கு மனசு இருக்கிறது என்பது கரியில் தெரிந்துவிட்டது என்றார் அவர். ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்லுகிறவர் மாப்பிள்ளை இல்லையே என்றேன் நான். பெண் கொஞ்சம் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகளிடம் அதைச் சொல்லவில்லை. அவள் திங்கட்கிழமை வகுப்புக்கு வேண்டிய சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு முதல் மணிக்கே போய்விட்டேன். பெண்கள் பக்கம் பாய் விரித்திருந்தது. முன்வரிசையில் சம்பந்தி. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோவிலுக்குப் போகிறவர்கள், அன்றைக்கு எங்கள் கோவிலுக்கு வந்திருந்தார்கள். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. நானும் மகளும் நடுவில். மூப்பர் வீட்டம்மாள் எங்களுக்கு நேர் பின்னால். கனமான பட்டுச் சேலை கட்டியிருந்தார்கள். அது ஒவ்வொரு அசைவுக்கும் சரசரத்தது. எனக்கு வேதபாடமும் பிரசங்கமும் காதில் விழவில்லை. சேலைச் சத்தம்தான் விழுந்தது.

போதகர் ஓலையை எடுத்தார். வேறொரு ஜோடிக்கு முதல் ஓலை. அடுத்தது எங்களுடையது. இது மூன்றாம் தரம் என்று சொன்னார். தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று படித்தார். நிறுத்தினார்.

எனக்குப் பின்னால் சேலை சரசரத்தது. தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. கையைப் பாயில் ஊன்றுகிறார்கள் என்பது திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. மகள் என் விரல்களைப் பிடித்தாள்.

அப்போது முன்வரிசையில் சம்பந்தி எழுந்து நின்றார்கள்.

அந்த நேரத்தை என்னால் ஒழுங்காக எழுத முடியவில்லை. இதை எழுதும்போதே பேனாவை இரண்டு தரம் கீழே வைத்துவிட்டேன். மாப்பிள்ளையைப் பெற்றவளே எழுந்து நின்றுவிட்டாள் என்றால் அதற்கு மேல் என்ன இருக்கிறது? போதகரும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஆண்கள் பக்கத்தில் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டது எனக்குத் தெரிந்தது.

சம்பந்தி போதகரைப் பார்க்கவில்லை. அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்கள். பெண்கள் பக்கத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். என்மேல் கண் பட்டது, நிற்கவில்லை. என் தலைக்கு மேலே, எனக்குப் பின்னால், ஒரு இடத்தில் போய் நின்றது. அங்கேயே நின்றது.

ஊன்றிய கை பாயிலிருந்து எடுபடுகிற சத்தம் கேட்டது. பட்டுச் சேலை மெல்ல அடங்கியது.

சம்பந்தி உட்கார்ந்தார்கள். போதகர் ஓலையை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, பாட்டின் எண்ணைச் சொன்னார். எல்லோரும் எழுந்து பாடினார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில் வண்டிக்காகச் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார்கள். கிட்டப் போனேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஓலை வாசிக்கையில ஏன் மைனி எந்திச்சிய?"

அதே முகத்தோடு என்னைப் பார்த்தார்கள்.

"கால் மரத்துப்போச்சு மைனி. ரொம்ப நேரம் பாயில உக்காந்தா எனக்கு இப்படித்தான்."

வண்டி கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. அதுவரைக்கும் அவர்கள் வெயிலில் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நொண்டவில்லை.